பல்கலைக்கழகத்தில் இருக்கும்போது அநுராதபுரம் பார்ப்பதா, வன்னியைப் பார்ப்பதா?

பம்பைமடு மாணவி:
வவுனியாப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறேன், ஊர் முள்ளியவளை. எங்கள் விடுதியில் தொடங்கிய வாக்குவாதம் ஒன்று ஓயவில்லை, அதனால் இங்கே கொண்டுவருகிறேன். வவுனியாவிலிருந்து அநுராதபுரம் ஏறத்தாழ 50 கிலோமீட்டர்தான். மதவாச்சியைத் தாண்டினால் அதிக நேரம் இல்லை. ஆனாலும் எங்கள் தமிழ் மாணவர்கள் பலருக்கு அது கொழும்பு ரயில் நின்று போகும் ஒரு நிலையம் மட்டுமே. 1982 முதல் உலக மரபுரிமைப் பட்டியலில் உள்ள பழைய தலைநகரம் இவ்வளவு அருகில் இருக்க, அதைப் பார்க்காமலே பட்டம் வாங்கிக்கொண்டு ஊருக்குத் திரும்புவது பெரிய இழப்பு என்கிறேன்.

வகுப்பு முழுவதும் ஒரே பஸ்ஸில் போய், ருவன்வெலிசாய என்ற பெரிய தூபியின் முன் நின்று படம் எடுத்து, இருட்டுவதற்குள் திரும்பும் சுற்றுலாவை நான் சொல்லவில்லை. நாலைந்து பேர் காலை ரயிலில் போக வேண்டும். சைக்கிள் வாடகைக்கு எடுத்து அபயகிரிப் பக்கம் ஒரு நாள் முழுவதும் சுற்ற வேண்டும். 5ஆம் நூற்றாண்டில் சீனத் துறவி பாகியான் வந்து தங்கிய மடாலயம் அது. இரட்டைக் குளத்தின் படிகளில் இறங்கி நின்றால், தண்ணீரை வடித்து உள்ளே விட அவர்கள் செய்த கல்வேலை கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. போயா என்ற முழுநிலா நாளில் போகாதீர்கள், கூட்டத்தில் எதையும் பார்க்க முடியாது.

கற்சிலைமடு:
தங்கச்சி, முள்ளியவளைப் பிள்ளை என்கிறீர்கள். கற்சிலைமடுவுக்குப் போயிருக்கிறீர்களா? 1803 ஓகஸ்ட் 25 அன்று முல்லைத்தீவுக் கோட்டையை ஆங்கிலேயரிடமிருந்து பிடித்த பண்டாரவன்னியனை, அதே ஆண்டு ஒக்டோபர் 31 அன்று கப்டன் வொன் டிறிபேர்க் தோற்கடித்ததாகச் சொல்லும் கல் நாட்டப்பட்ட இடம் அது. எதிரி தன் வெற்றிக்காக நாட்டிய கல்லால் நம்முடைய தலைவனின் நாளும் இடமும் நமக்குக் கிடைத்திருக்கின்றன. அங்கிருந்து ஒட்டுசுட்டான் தான்தோன்றீஸ்வரர் கோயில் தூரமில்லை. வவுனிக்குளம் இருக்கிறது. மன்னார்ப் பக்கம் கட்டுக்கரைக்குளத்தில் பேராசிரியர் புஷ்பரட்ணம் தலைமையில் நடந்த அகழ்வில் சுடுமண் உருவங்கள் வெளிவந்தன. எத்தனை மாணவர்கள் போய்ப் பார்த்தார்கள்?

அநுராதபுரத்துக்குத் தொல்லியல் திணைக்களம் இருக்கிறது, பணம் இருக்கிறது, உலகம் முழுவதிலுமிருந்து ஆட்கள் வருகிறார்கள். வன்னியின் இடங்களுக்கு நம்மைவிட்டால் யாரும் இல்லை. அதோடு அந்த நகரத்தில் சொல்லப்படும் கதையில் நாம் யார்? படையெடுத்து வந்தவர்கள். அதைக் கேட்டுக்கொண்டு திரும்பும் இருபது வயதுப் பிள்ளைக்கு என்ன மிஞ்சும்?

பம்பைமடு மாணவி:
அண்ணா, கற்சிலைமடுவுக்குப் போயிருக்கிறேன். அதைவிட்டு இதைப் பார் என்று நான் யாருக்கும் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் சொன்ன கதையையே எடுத்துக்கொள்வோம். தமிழ் அரசன் எல்லாளன் அந்த நகரத்திலிருந்து 44 ஆண்டுகள் ஆண்டான் என்று எழுதியது பௌத்த பிக்குகளின் பாளி வரலாற்று நூலான மகாவம்சம்தான். நண்பனுக்கும் பகைவனுக்கும் ஒரே நீதி வழங்கினான் என்றும் அதுவே எழுதுகிறது. அவனைக் கொன்ற சிங்கள அரசன் துட்டகைமுனு அவன் விழுந்த இடத்தில் நினைவுச்சின்னம் எழுப்பி வழிபாடு நடத்தச் செய்தான். அதன் அருகே வரும் அரசர்கள் வாத்தியங்களை நிறுத்திவிடுவார்கள். 1818இல் ஆங்கிலேயருக்குத் தப்பி ஓடிய கண்டிப் பிரதானி பிலிமத்தலாவை, களைத்துப்போன நிலையிலும் பல்லக்கிலிருந்து இறங்கி அந்த இடத்தை நடந்து கடந்ததாகப் பதிவு இருக்கிறது. எல்லாளன் சமாதி என்று மக்கள் நெடுங்காலம் காட்டிய மேட்டைப் பின்னர் தொல்லியலாளர் தக்கிண தூபி என்ற பௌத்தத் தூபி என்று அடையாளம் கண்டார்கள். அந்த வாதத்தையும் நாம் நேரில் பார்த்துத் தெரிந்துகொள்ளலாமே.

அபயகிரிப் பகுதியில் தமிழ் இல்லறத்தாரின் மாடம் என்று அறியப்படும் பாறை இருக்கிறது. தமிழ் வணிகர்கள் கூடிய மண்டபம். யார் யாருக்கு எந்த இருக்கை என்பதைக் கிறிஸ்துவுக்கு முந்திய காலத்துப் பிராமி எழுத்தில், பிராகிருத மொழியில் வெட்டியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் கப்பல் தலைவர். பெரும்பாலான பயணிகள் அந்தப் பக்கம் போவதே இல்லை. நாமும் போகாவிட்டால் வேறு யார் தேடிப் போவார்கள்?

மாங்குளம் ஓய்வுபெற்ற ஆசிரியர்:
மகளே, படித்துப் பேசுகிறீர்கள், மகிழ்ச்சி. ஆனால் பெற்றோர் ஏன் தயங்குகிறார்கள் என்பதையும் இங்கே எழுத வேண்டும். 1977 ஓகஸ்டில் அநுராதபுர ரயில் நிலையத்தில் தமிழ்ப் பயணிகள் தாக்கப்பட்டார்கள். எங்கள் தலைமுறைக்கு அந்த நிலையத்தின் பெயர்ப்பலகை வெறும் பெயர்ப்பலகை இல்லை. ரயில் அங்கே நிற்கும்போது வாய் திறந்து தமிழில் பேசாமல் இருந்த பெரியவர்களை நான் அறிவேன். பிள்ளைகள் சைக்கிளில் சுற்றப் போகிறோம் என்றால் தாய்க்கு நெஞ்சு பதறாதா? அந்தப் பதற்றத்தை அறியாமை என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

பம்பைமடு மாணவி:
ஐயா, ஒதுக்கவில்லை. என் அம்மாவும் அதையே சொன்னார். ஆனால் அந்த நகரத்துக்கும் ஒரு நாள் இருக்கிறது. 1985 மே 14 அன்று அங்கே பஸ் நிலையத்திலும் புனித அரசமரம் நிற்கும் மகாபோதியிலும் நூற்றுக்கும் மேற்பட்ட பொதுமக்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். வன்னியிலிருந்து போகும் நாம் 1977ஐயும் 1985ஐயும் சேர்த்தே அறிந்துகொண்டு போக வேண்டும். என்னோடு படிக்கும் சிங்கள மாணவி ஒருத்தியின் ஊர் அங்கேதான். அவளோடு தூபி முற்றத்தில் நின்று இதைப் பேசுவது எனக்கு எளிதாக இருக்காது. ஆனாலும் பேச விரும்புகிறேன்.

அறிவியல்நகர் பொறியியல்:
கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் படிக்கிறேன். இருவரும் அரசர்களைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்கு அந்த நகரத்தின் பெரிய அதிசயம் தண்ணீர். ஜேதவனாராமய தூபி முதலில் 122 மீட்டர் உயரம், ஒன்பது கோடிக்கும் மேற்பட்ட செங்கற்கள் என்கிறார்கள். நானும் அண்ணாந்து பார்த்து நின்றேன். ஆனால் அதைவிட ஜெயகங்கைதான் என்னை அசைத்தது. கலாவாவியிலிருந்து நகரத்துத் திஸ்ஸவாவிக்கு வரும் 87 கிலோமீட்டர்க் கால்வாய் அது. 5ஆம் நூற்றாண்டில் தாதுசேனன் வெட்டுவித்தது. முதல் 17 மைலில் மைலுக்கு 6 அங்குலம்தான் சரிவு. நில அளவைப் பாடத்தில் கருவியை வைத்துக்கொண்டே அந்த நுட்பத்தை எட்ட நாங்கள் திணறுகிறோம்.

கற்சிலைமடு அண்ணாவுக்கு ஒன்று. அந்தப் பழைய நகரத்தின் ஓரமாக ஓடும் மல்வத்து ஓயாதான் நம்முடைய அருவியாறு. 164 கிலோமீட்டர் ஓடி அரிப்புப் பக்கம் கடலில் விழுகிறது. வழியில் தேக்கம் அணைக்கட்டில் மறித்துத்தான் கட்டுக்கரைக்குளத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகிறார்கள். நகரத்துக்கு வந்த வெளிநாட்டு வணிகர்கள் இறங்கிய துறைமுகம் மாந்தை, திருக்கேதீச்சரம் இருக்கும் இடம். துறைமுகத்தைப் பார்க்காமல் நகரம் புரியாது, நகரத்தைப் பார்க்காமல் துறைமுகமும் புரியாது. ஆகவே திருக்கேதீச்சரம், கட்டுக்கரை, தேக்கம் என்று தொடங்கி ஆற்றோடு மேலே போய் அநுராதபுரத்தில் முடியுங்கள்.

கற்சிலைமடு:
தம்பி சொன்ன வழி எனக்குப் பிடித்திருக்கிறது, ஏனென்றால் அது மன்னாரில் தொடங்குகிறது. ஆனால் என் முறைப்பாடு அப்படியே நிற்கிறது. தங்கச்சி சொன்ன தமிழ் வணிகர் பாறையைப் பற்றி வெளியூர் அறிஞர்கள் எழுதிவிட்டார்கள். வன்னிக் காட்டுக்குள் இருக்கும் தூர்ந்த குளக்கட்டுகளையும் உடைந்த தூண்களையும் பற்றி யார் எழுதினார்கள்? எங்கள் பக்கத்துக் காடுகளில் ஒரு கல்லைப் பார்க்கப் போனாலே இது யாருடையது என்ற சண்டை வருகிற காலம் இது. அதனால்தான் முதலில் இங்கே என்கிறேன். படம், அளவு, ஊர்ப் பெரியவர்கள் சொல்வது எல்லாவற்றையும் தமிழில் எழுதி வைக்கும் வேலையை மாணவர்கள் செய்யட்டும்.

பம்பைமடு மாணவி:
அந்த வேலைக்கு நான் வருகிறேன் அண்ணா. எங்கள் வகுப்பிலிருந்து இன்னும் சிலரைக் கூட்டிவரவும் முடியும். ஆனால் முதலில் எது என்பதில் உங்களோடு உடன்பட மாட்டேன். ஒரு தூணின் காலத்தைக் கணிக்க அதே பாணித் தூண்கள் நிற்கும் இடத்தைக் கண் பழகியிருக்க வேண்டும். அந்தப் பழக்கம் அநுராதபுரத்தில் கிடைக்கிறது. பரீட்சை முடிந்ததும் ஆற்றுவழிப் பயணம் போகிறோம். வெள்ளை அல்லது வெளிர் நிற உடை, தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். தூபி முற்றத்தில் செருப்பும் தொப்பியும் கூடாது. நண்பகலில் கல் சுடும், காலுறை கொண்டுவாருங்கள். ஒட்டுசுட்டான் பக்கம் எந்த நாள் வசதி என்று நீங்கள் எழுதுங்கள்.

கற்சிலைமடு:
மழைக்கு முன் வாருங்கள். ஒக்டோபர் கடந்தால் குளக்கட்டுப் பாதைகளில் நடக்க முடியாது. காலத்தைக் கணிக்கும் பழக்கம் பற்றிச் சொன்னதற்கு என்னிடம் பதில் இருக்கிறது, வரும்போது நேரில் வாதாடுவோம்.