கண்ணாடி ஏற்றித்தான் ஓட்டுகிறேன், ஆனாலும் ஒரு கை மட்டும் கறுக்கிறதே?

ஜன்னலோரம்:
வேலைக்காக தினமும் 5, 6 மணி நேரம் கார் ஓட்டுகிறேன். கண்ணாடி எப்போதும் ஏற்றியிருக்கும், ஏசி ஓடும். காலையில் கிளம்பும்போது எஸ்.பி.எஃப் 50 சன்ஸ்கிரீன் முகத்திலும் கையிலும் தடவிக்கொள்வேன், ஒரு நாள்கூட விட்டதில்லை. அப்படியும் ஜன்னல் பக்கக் கை நன்றாகக் கறுத்துவிட்டது. வாட்ச் கட்டுவதும் அந்தக் கையில்தான், கழற்றினால் வேறு யாருடைய தோலையோ வெட்டி ஒட்டின மாதிரி ஒரு பட்டை. எரிச்சல்கூட இல்லையே, எப்படிக் கறுக்கிறது? எஸ்.பி.எஃப் 100 வாங்கலாமா?

நிழல்தேடி:
100 எல்லாம் வேண்டாம். தோலைச் சிவக்க வைக்கும் யூ.வி.பி கதிரில் எஸ்.பி.எஃப் 30 சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கும், 50 என்றால் 98. அதற்கு மேல் கிடைப்பது சொற்பம். உங்கள் விஷயம் வேறு. கண்ணாடியே யூ.வி.பியைப் பெரும்பாலும் தடுத்துவிடுகிறது, அதனால்தான் எரிச்சல் இல்லை. வெயிலில் வரும் இன்னொரு புற ஊதாக் கதிரான யூ.வி.ஏ அப்படிக் கிடையாது. முன் கண்ணாடி இரண்டு தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்துச் செய்தது, அதில் யூ.வி.ஏவும் அநேகமாக நின்றுவிடும். பக்கக் கண்ணாடி பல கார்களில் வெறும் கண்ணாடி, அது வழியாக யூ.வி.ஏ உள்ளே வந்து தோலின் அடி வரை இறங்கும். கறுப்பு, சுருக்கம் எல்லாம் அதன் கைவரிசை. எஸ்.பி.எஃப் எண் முக்கியமாக யூ.வி.பிக்குத்தான். யூ.வி.ஏவை எவ்வளவு தடுக்கும் என்பதற்கு பி.ஏ என்று தனிக் குறி உண்டு, டியூபில் அதைப் போட்டு பக்கத்தில் மூன்று, நான்கு கூட்டல் குறி இருக்கிறதா பாருங்கள்.
அப்புறம், ஒரு டியூப் எத்தனை நாள் வருகிறது?

வெயில்பிரியன்:
கறுத்த தோலுக்கு இதெல்லாம் எதற்கு சார், இயற்கையே குடை பிடிக்கிறதே.

மங்குக்காரி:
குடைதான், ஓட்டைக் குடை. மிகக் கறுத்த தோலையே அளந்து பார்த்ததில் எஸ்.பி.எஃப் 13 போலத்தான் வந்தது. தோல் புற்றுநோய் கறுத்தவர்களுக்குக் குறைவு, அதை மறுக்கவில்லை. ஆனால் மங்கு? இரண்டு கன்னத்திலும் வைத்துக்கொண்டு சொல்கிறேன், அது நம்மைத்தான் அதிகம் தேடி வருகிறது. கண்ணுக்குத் தெரிகிற சாதாரண வெளிச்சத்திலேயே கூடும், அதனால் இரும்பு ஆக்சைடு கலந்த, தோல் நிறத்தில் வருகிற சன்ஸ்கிரீன்தான் எனக்கு எழுதிக் கொடுத்தார்கள்.

மாத்திரைப்பெட்டி:
பருவுக்கோ வேறு எதற்கோ டாக்ஸிசைக்ளின் மாதிரி மாத்திரை சாப்பிடுகிறீர்களா? சில மருந்துகள் வெயிலைத் தோலுக்கு ஆகாமல் செய்துவிடும். நீங்களாக நிறுத்தாதீர்கள், கொடுத்த டாக்டரிடம் கேளுங்கள்.

ஜன்னலோரம்:
மாத்திரை எதுவும் இல்லை. டியூப் 50 கிராம், எட்டு மாதமாக ஓடுகிறது, இன்னும் தீரவில்லை.

நிழல்தேடி:
எட்டு மாதமா! ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் தடவிச் சோதித்துத்தான் அந்த 50 என்ற எண்ணைப் போடுகிறார்கள். முகம், கழுத்து, முன்கை இரண்டும் சேர்த்தால் ஒரு தேக்கரண்டியாவது வேண்டும், அப்படித் தடவினால் ஒரு வேளைக்கே உங்கள் டியூப் 10, 12 நாளில் காலி. இதில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மறுபடி தடவ வேறு சொல்வார்கள், ஓட்டிக்கொண்டே யார் தடவப்போகிறார்கள்? முகத்துக்கு க்ரீமை வைத்துக்கொள்ளுங்கள், கைக்கு முழுக்கைச் சட்டை போடுங்கள், நெருக்கமாக நெய்த அடர்நிறத் துணியாக. துணியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து அந்தப் பக்கம் தெரிகிறதா என்று பார்த்தால் போதும்.

ஜன்னலோரம்:
இப்போதுதான் டியூபை எடுத்துப் பார்த்தேன். பி.ஏ என்றே எதுவும் இல்லை, காலாவதி தேதியும் போன மாதமே முடிந்துவிட்டது. சரி என்று இருக்கிற ஒரே முழுக்கைச் சட்டையை ஜன்னலில் பிடித்துப் பார்த்தால் எதிர் வீட்டு மாடிப்படியை எண்ணலாம் போலிருக்கிறது. வேறு சட்டை பார்க்க வேண்டும்.