புதுப்பிப்பு: பால் தொழிற்சாலை வால்வுக்கு எந்த வார்ப்பு?

ஹட்டன் பக்கத்தில் நான் வேலை செய்யும் பால் தொழிற்சாலையின் கழுவும் லைன் வால்வுகளுக்கு சிஎஃப்8 போதுமா, அதோடு மொலிப்டினம் என்ற உலோகமும் சேர்ந்த சிஎஃப்8எம் வேண்டுமா என்று முன்பு கேட்டிருந்தேன். இரண்டும் துருப்பிடிக்காத எஃகு வார்ப்பு வகைகள். பதில் சொன்ன அண்ணன்மாருக்கு நன்றி.

நைட்ரிக் அமிலம் மட்டும் ஓடினால் சிஎஃப்8 தாராளம். மொலிப்டினம் அங்கே உதவாது. ஆனால் நாங்கள் குளோரின் கரைசலும் விடுகிறோம். அதிலுள்ள குளோரைடு எஃகை அரித்துக் குழி விழ வைக்கும்; மொலிப்டினம் அதைத் தாங்க உதவும். அதனால் 2–3% மொலிப்டினம் உள்ள சிஎஃப்8எம் என்று முடிவாகிவிட்டது. குழாயோடு வெல்டிங் செய்யும் வால்வுகளுக்கு மட்டும் அதன் கார்பன் குறைந்த வகையான சிஎஃப்3எம். கார்பன் உச்சவரம்பு 0.03% என்பதால் வெல்டிங் சூட்டில் துருவைத் தடுக்கும் குரோமியம் கார்பனோடு சேர்ந்து கார்பைடாகப் பிரிவது மிகக் குறைவு. சிஎஃப்8எம்மில் கார்பன் 0.08% வரை போகலாம். நீராவி லைனுக்கு சாதாரண கார்பன் எஃகே சரி.

வால்வு சரியான எஃகுதானா என்று காந்தம் வைத்துப் பார்க்கச் சொன்னார் ஒருவர். அதை நம்பாதீர்கள். இந்த வார்ப்புகளில் காந்தம் ஒட்டும் ஃபெரைட் என்ற இரும்பு அமைப்பு கொஞ்சம் இருப்பது இயல்பு, நல்ல வால்விலும் காந்தம் லேசாக ஒட்டும். எந்த உருக்கில் வார்த்தது என்று காட்டும் வார்ப்பு எண்ணோடு பொருள் சோதனைச் சான்றிதழ் கேளுங்கள். 1040 பாகை செல்சியஸுக்குக் குறையாமல் சூடாக்கிக் குளிர்வித்தார்களா என்றும் அதில் பாருங்கள். அப்புறம் காசு கொடுங்கள்.