பழைய ஃபோனுக்குப் புது ஃபோன் தருகிறோம் என்று வந்தவர்கள்: உங்கள் அனுபவம் என்ன?

பன்னீர்ப்பூ, காரிமங்கலம்

திங்கட்கிழமை மறுபடி வருவதாக அவர்கள் சொல்லிவிட்டுப் போயிருப்பதால் அவசரமாக எழுதுகிறேன். என் மாமனார் வைத்திருப்பது பழைய 4ஜி ஃபோன். அதைக் கொடுத்து, மேலே 2,999 ரூபாய் கட்டினால், கடையில் இருபதாயிரத்துக்கு மேல் விற்கும் 5ஜி ஃபோன் தருவதாக இரண்டு இளைஞர்கள் வீட்டுத் திண்ணைக்கே வந்து சொன்னார்கள். இருவரும் ஒரு தொலைத்தொடர்பு நிறுவனத்தின் பெயர் அச்சிட்ட பனியன் அணிந்திருந்தார்கள். ஒரே எண்ணை நெடுநாளாக மாற்றாமல் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் தரப்படும் சலுகை என்றார்கள். பேச்சில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எங்கள் தெருவில் இன்னார் இன்னார் வாங்கியிருக்கிறார்கள் என்று பெயர்கூடச் சொன்னார்கள்.

எனக்கு உறுத்துவது ஒன்றுதான். மாமனார் இன்னும் சரி என்று சொல்லவே இல்லை. அதற்குள் ஒருவர் ஃபோனைக் கையில் வாங்கி, சட்டைப்பையிலிருந்து ஊசியை எடுத்துத் துளையில் குத்தி, சிம் தட்டை வெளியே இழுத்துவிட்டார். "சும்மா பார்க்கிறேன் ஐயா" என்றார். நான் கையை நீட்டியதும் ஒன்றும் பேசாமல் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆதார் நகல் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். இப்படி வந்தவர்களிடம் யாராவது வாங்கியிருக்கிறீர்களா? மாமனார் முழுதாக நம்பிவிட்டார். நான் தடுத்தால், பெரியவருக்கு ஒரு ஃபோன் வருவது மருமகளுக்குப் பொறுக்கவில்லை என்றாகிவிடும்.

ஓய்வுபெற்ற தபால்காரர், அரூர் வட்டம்

அம்மா, நான் வாங்கியவன் அல்லன், கொண்டுபோய்க் கொடுத்தவன். எங்கள் பக்கத்தில் இது முதலில் வி.பி.பி. பார்சலாகத்தான் வந்தது. ஃபோனில் ஒரு பெண் குரல் அழைத்து, உங்கள் எண் குலுக்கலில் தேர்வாகியிருக்கிறது, பெரிய ஃபோன் ஒன்று தபாலில் வரும், தபால்காரரிடம் இவ்வளவு பணம் கட்டி வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லும். வி.பி.பி. என்றால் பணத்தைக் கட்டிய பிறகுதான் பார்சல் கைக்கு வரும்; கட்டுவதற்கு முன் பிரித்துப் பார்க்க இடமில்லை. கட்டிய தொகை மணியார்டராக அனுப்பியவருக்குப் போய்ச் சேர்ந்துவிடும். விதி அப்படி. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பது தபால்காரரின் வேலையும் அல்ல.

கூலி வேலைக்குப் போகும் ஒரு பெண், முந்தானையில் முடிந்திருந்த பணத்தை அவிழ்த்து எண்ணிக் கொடுத்து, என் எதிரிலேயே அட்டைப்பெட்டியைப் பிரித்தார். மேலே செய்தித்தாள் சுருட்டல், அதற்குக் கீழே ஒரு இடுப்பு பெல்ட், ஒரு செப்புத் தகட்டு யந்திரம். ஃபோன் இல்லை. அவர் அழவில்லை, திட்டவும் இல்லை. "அண்ணா, நீங்கதானே கொண்டுவந்தீங்க?" என்று மட்டும் கேட்டார். தபால் துறையின் பெயரைத்தான் அவர் நம்பியிருந்தார். அனுப்பியவன் யார் என்றுகூட அவருக்குத் தெரியாது. உங்கள் வீட்டுக்கு வந்தவர்களின் பனியனும் அதே வேலையைத்தான் செய்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

மலையடி, ஓசூர்

பெரியவர் சொல்வது பழைய காலத்துக் கதை. இப்போது பெட்டியும் வேண்டாம், பெல்ட்டும் வேண்டாம். உங்கள் எண் கிடைத்தால் போதும். பன்னீர்ப்பூ அவர்கள் அந்த ஊசியைக் குறித்துக் கவலைப்பட்டது முற்றிலும் சரி.

என்னுடன் ஷிப்டில் வேலை செய்யும் நண்பருக்கு ஓர் அழைப்பு வந்தது. உங்கள் சிம் 4ஜி, அதை இ-சிம்முக்கு (அட்டை இல்லாமல் ஃபோனுக்குள்ளேயே பதியும் சிம்) மாற்றினால் 5ஜி ஃபோன் பாதி விலையில் கிடைக்கும் என்றார்கள். ஒரு குறுஞ்செய்தியை அவர்களே எழுதி அனுப்பி, இதை நிறுவனத்தின் எண்ணுக்கு அனுப்புங்கள் என்றார்கள். அவரும் அனுப்பினார், உறுதி செய்யச் சொல்லி நிறுவனத்திடமிருந்து வந்த கேள்விக்கும் பதில் போட்டார். நாங்கள் இருவரும் அன்று கிருஷ்ணகிரிக்குப் பேருந்தில் போய்க்கொண்டிருந்தோம். மேலுமலை அருகே அவருடைய ஃபோனில் சிக்னல் கோடுகள் மறைந்தன. அங்கே மலையில் சிக்னல் விட்டுவிட்டு வருவது எல்லோருக்கும் தெரியும் என்பதால் யாரும் பொருட்படுத்தவில்லை. ஆனால் என் ஃபோனிலும் அதே நிறுவனத்தின் சிம்தான் இருந்தது, அதில் கோடுகள் முழுதாக இருந்தன. அதைப் பார்த்தும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. அவருடைய எண் அந்நேரம் வேறொருவர் ஃபோனுக்குப் போய்விட்டிருந்தது. அடுத்தடுத்து வந்த ஓ.டி.பி. எல்லாம் அங்கேதான் போயின. சேமிப்புக் கணக்கு காலியாயிற்று.

இந்தியாவில் 5ஜி சேவை 2022 அக்டோபரில் தொடங்கியபோதே, 4ஜி சிம்மை மாற்ற வேண்டியதில்லை என்று பெரிய நிறுவனங்கள் அறிவித்துவிட்டன. ஃபோன் 5ஜியாக இருந்து, அந்த இடத்தில் சேவையும் இருந்தால் போதும். எனவே ஃபோன் சலுகைக்காக சிம்மைத் தொட வேண்டும் என்று யார் சொன்னாலும், அவருக்கு வேண்டியது சிம்தான்.

கடைக்காரன், கிருஷ்ணகிரி

ரவுண்டானா பக்கத்தில் பல ஆண்டுகளாக ஃபோன் கடை நடத்துகிறேன். மேலே எழுதியவர்கள் எல்லாச் சலுகையையும் மோசடிக் கணக்கில் சேர்த்துவிட்டதால் சில வார்த்தைகள் சொல்ல வேண்டியிருக்கிறது. பழைய ஃபோனை வாங்கிக்கொண்டு புதியதைக் குறைந்த விலைக்குக் கொடுப்பது நாங்கள் அன்றாடம் செய்யும் வியாபாரம். பழைய ஃபோனுக்கு அதன் நிலையைப் பொறுத்து ஒரு விலை போடுவோம். அதற்கு மேல் எக்ஸ்சேஞ்ச் போனஸ் என்று ஃபோன் கம்பெனி ஒரு தொகை தரும். வங்கி அட்டைக்கு வங்கியும் கம்பெனியும் பேசிவைத்த தள்ளுபடி தனி. புது மாடல் வருவதற்கு முன் பழைய சரக்கைத் தள்ளிவிடக் கம்பெனி இன்னும் கொஞ்சம் இறங்கும். மாம்பழ சீசனில் கையில் பணம் புழங்கும் நாட்களிலும், தீபாவளிக்கு முன்பும் இந்த மூன்றும் ஒன்றுசேரும். அப்போது இருபதாயிரம் ரூபாய் ஃபோன் பதினைந்தாயிரத்துக்குப் போவதில் ஆச்சரியம் இல்லை. மூவாயிரத்துக்குப் போனால், மிச்சப் பணத்தை யார் போடுகிறார்கள் என்று கேளுங்கள். நல்ல சலுகை என்றால் அந்தக் கேள்விக்குப் பதில் இருக்கும்.

'பில் இல்லாமல் கொடுக்கிறோம், அதனால்தான் மலிவு' என்பது அடுத்த பேச்சு. ஃபோனுக்கு ஜி.எஸ்.டி. 2020 ஏப்ரல் முதல் 18 சதவீதம். பில் போடாதவர் மிச்சம் பிடிப்பது அதிகபட்சம் அந்த வரியைத்தான். அதை வைத்துப் பாதி விலைக்குக் கொடுக்க முடியாது.

ஒரு முறை காவேரிப்பட்டணத்திலிருந்து ஒருவர் சீல் பிரிக்காத பெட்டியுடன் வந்தார். பெங்களூரில் யாரோ கொடுத்தது, கண்ணாடி ஒட்டினால் போதும் என்றார். பெட்டியைப் பிரித்து, ஃபோனை இயக்கி, *#06# அடித்தேன். திரையில் வந்த 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண்ணின் (ஒவ்வொரு ஃபோனுக்கும் உள்ள தனி அடையாள எண்) கடைசி இலக்கங்களும் பெட்டியின் மேல் ஒட்டியிருந்த எண்ணும் ஒத்துப்போகவில்லை. நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஃபோனையும் பெட்டியையும் அவர் பக்கம் திருப்பி வைத்தேன். அவர் இரண்டையும் மாறி மாறிப் படித்துவிட்டு, கண்ணாடியை ஒட்டிக்கொடுங்கள் என்றார்.

ஆகவே எல்லோரும் இதைச் செய்யுங்கள். பணம் கொடுப்பதற்கு முன் *#06# அடித்து வரும் எண்ணைப் பெட்டியோடும் பில்லோடும் ஒப்பிட வேண்டும். பிறகு கே.ஒய்.எம். என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை அடித்து, இடைவெளி விட்டு, அந்த எண்ணைச் சேர்த்து 14422-க்குக் குறுஞ்செய்தி அனுப்புங்கள். அரசின் சஞ்சார் சாத்தி தளத்திலும் பார்க்கலாம். முடக்கப்பட்டது, போலி நகல், ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது என்று பதில் வந்தால் வாங்கக் கூடாது. பழைய ஃபோனைக் கொடுக்கும்போது சிம்மையும் மெமரி கார்டையும் நீங்களே கழற்றுங்கள். வாட்ஸ்அப், ஜிபே எல்லாவற்றிலிருந்தும் வெளியேறி, கூகுள் கணக்கையும் நீக்கிவிட்டு, ஃபாக்டரி ரீசெட் போட்ட பிறகுதான் கைமாற வேண்டும். ஃபோன் கொடுக்கிறவருக்கு ஆதார் நகல் எதற்கு என்றும் கேளுங்கள். தவணைக் கடன் என்றால் மட்டுமே அதற்கு வேலை உண்டு. கேட்காமலே உங்கள் பெயரில் கடன் எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள்.

நான்காம் ஆண்டு, பர்கூர்

கடைக்கார அண்ணனுக்கு ஒரு மறுப்பு. பில் இருந்தால் நல்ல சலுகை என்பதுபோல் அவர் எழுதியிருக்கிறார். எங்கள் விடுதி அறைத்தோழன் வாங்கிய ஃபோனுக்கு பில் இருந்தது. பாதி விலைதான். ஓசூர் பக்கத்து ஆலையிலிருந்து ஊழியர்களுக்குக் கொடுக்கும் விலையில் எடுத்தது என்றார் விற்றவர். அந்த ஆலையில் வேலை செய்யும் அக்காக்கள் எங்கள் ஊரிலும் உண்டு. அப்போது அவர்கள் செய்துவந்தது ஃபோனின் மேற்கூடு, முழு ஃபோன் அல்ல என்று நான் சொன்னதை அவன் காதில் வாங்கவில்லை.

சில மாதங்கள் கழித்துக் காவல் நிலையத்திலிருந்து அழைப்பு வந்தது. ஃபோனைத் தொலைத்தவர் புகார் கொடுத்து அதன் ஐ.எம்.இ.ஐ. எண்ணை முடக்கியிருந்தார். இவன் சிம் போட்டதும் அது தெரிந்துவிட்டது. நானும் கூடப் போனேன். இவன் பெருமையாக பில்லை எடுத்து நீட்டினான். எழுத்தர் அதை ஒரு பார்வை பார்த்து, பேனா முனையால் ஜி.எஸ்.டி. எண்ணின் முதல் இரண்டு இலக்கங்களைத் தொட்டார். முகவரி பெங்களூரு, எண்ணோ 33 என்று தொடங்கியது. 33 தமிழ்நாட்டின் குறியீடு, கர்நாடகத்துக்கு 29. எழுத்துகளை எண்ணிப் பார்த்தால் 15 இருக்க வேண்டிய இடத்தில் 14 தான் இருந்தன. அந்தப் பேனா முனை இன்றும் என் கண்ணில் நிற்கிறது, ஏனென்றால் அந்த பில்லை நானும் பார்த்திருக்கிறேன். தொகையைத் தவிர வேறெதையும் படிக்கவில்லை.

ஃபோன் போயிற்று, பணமும் போயிற்று. திருட்டுப் பொருள் என்று தெரிந்து வாங்குவது மட்டும் குற்றம் அல்ல. அப்படிக் கருதக் காரணம் இருந்தும் வைத்துக்கொள்வது குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆம் பிரிவில் வருகிறது. பாதி விலை அப்படி ஒரு காரணம் ஆகாதா என்று எழுத்தர் கேட்டபோது எங்களிடம் பதில் இல்லை. எனவே அண்ணா, பில் இருக்கிறதா என்று கேட்டால் போதாது. அந்த எண்ணை ஜி.எஸ்.டி. தளத்தில் போட்டு, கடையின் பெயர் வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

கடைக்காரன், கிருஷ்ணகிரி

தம்பி, பில்லோடு ஐ.எம்.இ.ஐ. எண்ணையும் ஒப்பிடத்தான் எழுதினேன். முழுதாகப் படித்துவிட்டு மறுக்கவும்.

நெல்லிமரம், தருமபுரி

எங்கள் வீட்டுக் கதை மோசடி இல்லை, ஆனாலும் மனத்தில் நிற்கிறது. அமெரிக்காவில் இருக்கும் மகள், அங்கே பழைய ஃபோனைக் கொடுத்தால் புதியது இலவசம் என்ற திட்டத்தில் ஒன்றை வாங்கி, இங்கு வந்தபோது என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். நம் ஊர்க் கடையில் சிம் போடச் சொன்னேன். கடைப் பையன் ஊசியை எடுத்துக்கொண்டு ஃபோனின் நான்கு பக்கமும் திருப்பித் திருப்பித் துளையைத் தேடினான். துளையே இல்லை. ஐஃபோன் 14 முதல் அமெரிக்காவில் விற்கும் மாடல்களில் சிம் தட்டு கிடையாது, இ-சிம் மட்டும்தான் என்று அவனுடைய முதலாளி வந்து சொன்னார். இ-சிம் போட்டும் வேலை செய்யவில்லை, ஏனென்றால் அந்த ஃபோன் வேறு நிறுவனத்தின் சிம்மை ஏற்காதபடி அங்குள்ள நிறுவனத்துக்கே பூட்டப்பட்டிருந்தது.

மகளிடம் கேட்ட பிறகுதான் இலவசத்தின் கணக்கு புரிந்தது. ஃபோனின் முழு விலையும் அவள் பெயரில் 36 மாதத் தவணையாக ஏறியிருக்கிறது. ஒவ்வொரு மாதமும் அதே அளவு தொகையை பில்லில் கழித்துக்கொண்டே வருகிறார்கள். நடுவில் நிறுவனத்தை மாற்றினால் கழிவு நின்றுவிடும், மிச்சத் தவணையை இவள் கட்ட வேண்டும். தவணை முடியும் வரை பூட்டும் திறக்காது. யாரும் பொய் சொல்லவில்லை, எல்லாம் எழுத்தில் இருக்கிறது. நம் ஊரில் ஒருவர் இப்படிப்பட்ட ஃபோனை 'அமெரிக்க சரக்கு' என்று மலிவாக விற்றால், சிம் போட்டு ஒரு அழைப்பாவது பேசிப் பார்க்காமல் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

வங்கி ஊழியர், பாலக்கோடு

நெல்லிமரம் அவர்கள் சொன்ன கணக்கு இங்கும் உண்டு. வட்டியில்லாத் தவணை என்ற விளம்பரத்தில் வட்டி இருக்கத்தான் செய்கிறது. அதே அளவு தள்ளுபடியாக முன்கூட்டியே கழிக்கப்படுகிறது, வங்கி அந்த வட்டியின் மேல் ஜி.எஸ்.டி.யும் வசூலிக்கிறது. பூச்சிய வட்டி என்ற ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே சொல்லிவிட்டது.

நான் எழுத வந்தது ஓசூர் நண்பருடைய தோழரைப் பற்றி. அவரைப்போல ஒருவர் எங்கள் கிளைக்கு வந்தார். கையில் புகார்க் கடிதத்தை மூன்று பக்கம் எழுதி, கையெழுத்திட்டு, நகல் எடுத்துக் கொண்டுவந்திருந்தார். எழுதி முடிக்க இரண்டு நாள் ஆகியிருந்தது. நான் கணக்கைத் திறந்து பார்த்தேன். அவர் கடிதம் எழுதிக்கொண்டிருந்த நேரத்திலும் பணம் போய்க்கொண்டிருந்திருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர், மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் வங்கி முழுதும் திருப்பித் தரும் என்று அவரிடம் சொல்லியிருக்கிறார். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலைச் சுற்றறிக்கையில் அப்படி இருப்பது உண்மைதான், ஆனால் அது வங்கியின் பக்கமும் நம் பக்கமும் தவறில்லாமல் இடையில் எங்கோ நடந்த களவுக்கு. நாமே ஓ.டி.பி. கொடுத்திருந்தால், நாம் தெரிவிக்கும் வரை போன பணம் நம் தலையில். தெரிவித்த பிறகு போவதுதான் வங்கியின் பொறுப்பு.

அதனால் சிக்னல் காரணமில்லாமல் போனால், பக்கத்திலிருப்பவர் ஃபோனை வாங்கி முதலில் வங்கிக்கும், அடுத்து இணையக் குற்றப் புகார் எண்ணான 1930-க்கும் பேசுங்கள். கடிதம் பிறகு எழுதலாம். பொருள் தரமில்லை, கடைக்காரர் ஏமாற்றினார் என்பவை வேறு வகை. அவற்றுக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்ச ரூபாய்க்குட்பட்ட வழக்குக்குக் கட்டணமும் இல்லை. ஆனால் அங்கே போக, விற்றவரின் பெயரும் முகவரியும் வேண்டும். பன்னீர்ப்பூ அவர்களே, வந்த இருவரிடமும் அதைத்தான் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள், மாமனார் பக்கத்தில் இருக்கும்போதே.