எஸ்ஏடி மறுபடி எழுதலாமா? மூன்று முறை எழுதிய அனுபவம்

அமெரிக்கக் கல்லூரிகளில் சேர எழுதும் எஸ்ஏடி தேர்வை நான் மூன்று முறை எழுதினேன். இரண்டாவது முறை எழுதியது சரியான முடிவு. மூன்றாவது தேவையே இல்லை.

முதல் முறை 1320. வாசிப்பும் எழுத்தும் சேர்த்து 710, கணக்கில் 610. பள்ளியில் கணக்கில் எப்போதும் நல்ல மார்க் வாங்குகிறவன் நான், அதனால் அந்த 610-ஐப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கே அடுத்த தேதிக்குப் பதிவு செய்யப் போனேன். அக்காதான் தடுத்தாள். "எங்க போச்சுன்னு தெரியாம எழுதினா மறுபடியும் இதேதான்டா வரும், முதல்ல அதைப் பாரு" என்றாள்.

ஆனால் நிஜத் தேர்வின் கேள்விகளைத் திரும்பக் காட்ட மாட்டார்கள், எந்தப் பகுதியில் எப்படிச் செய்தோம் என்று காட்டும் வரைபடப் பட்டைகள் மட்டும்தான் வரும். அதனால் எஸ்ஏடிக்கான அதிகாரப்பூர்வ செயலியான புளூபுக்கில் ஒரு மாதிரித் தேர்வை நேரம் வைத்து எழுதி, தப்பான கணக்கை எல்லாம் ஒரு நோட்டில் மறுபடி போட்டுப் பார்த்தேன். பாடம் தெரியாமல் விட்டது இரண்டே இரண்டுதான். மற்றதெல்லாம் கேள்வியைப் பாதி படித்துவிட்டு ஓடியது. எக்ஸுடன் 5 கூட்டினால் என்ன என்று கேட்டிருப்பார்கள், நான் எக்ஸ் கிடைத்த சந்தோஷத்தில் அதையே குறித்திருப்பேன், அந்த எண்ணும் விடைகளில் ஒன்றாக அங்கேயே இருக்கும்.

இதில் இன்னொன்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. கணக்கு இரண்டு மாட்யூல், அதாவது இரண்டு பாகம், ஒவ்வொன்றிலும் 22 கேள்வி, 35 நிமிடம். முதல் மாட்யூலில் சறுக்கினால் இரண்டாவது எளிதாக வரும், அதை முழுக்கச் சரியாகப் போட்டாலும் உச்ச மதிப்பெண் கிடைக்காது. முதல் முறை இரண்டாவது மாட்யூல் சுலபமாக இருந்ததே என்று நான் மகிழ்ந்ததற்குக் காரணம் இதுதான்.

அப்புறம் ஆறு வாரம் ஒரே பயிற்சிதான், குறிக்கும் முன் கேள்வியின் கடைசி வரியை மறுபடி படிப்பது. திரையில் ஓடும் கடிகாரத்தை மறைத்து வைக்கவும் பழகினேன் (கடைசி 5 நிமிடத்தில் தானாக வந்துவிடும்). இரண்டாம் முறை கணக்கு 730, மற்றது 700.

நான் விண்ணப்பித்த கல்லூரிகள் சூப்பர்ஸ்கோர் எடுப்பவை, அதாவது ஒவ்வொரு பிரிவிலும் சிறந்ததைச் சேர்த்துக்கொள்வார்கள், அதனால் 710-உம் 730-உம் சேர்ந்து 1440. அந்தக் கல்லூரிகளில் முந்தைய ஆண்டு சேர்ந்தவர்களில் நடுப்பாதிப் பேர் (மேல் கால்வாசியையும் கீழ் கால்வாசியையும் விட்டு) எந்த மதிப்பெண்ணிலிருந்து எந்த மதிப்பெண்ணுக்குள் இருந்தார்கள் என்று அவர்களே வெளியிட்டிருந்தார்கள், நான் அதற்குள் வந்துவிட்டேன். அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். வகுப்பில் ஒருவன் 1500 வாங்கினான் என்று கேட்டதும் மனசு கேட்கவில்லை, நோட்டைத் திறக்காமலே மூன்றாம் முறை போனேன். 1430. விண்ணப்பக் கட்டுரைக்கு வைத்திருந்த வாரங்கள் அதிலேயே போயின, அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

சில கல்லூரிகள் எழுதிய எல்லா மதிப்பெண்களையும் அனுப்பச் சொல்லும், அதை முதலிலேயே பாருங்கள். அமெரிக்காவின் எம்ஐடி போல மதிப்பெண்ணைக் கட்டாயமாகக் கேட்கும் இடமா, விருப்பமிருந்தால் அனுப்பலாம் என்கிற இடமா என்பதையும்.

இப்போது தம்பிக்கு 1360 வந்திருக்கிறது, மறுபடி எழுதட்டுமா என்று தினமும் கேட்கிறான். இந்தச் சனிக்கிழமை மாதிரித் தேர்வு ஒன்று எழுதச் சொல்லியிருக்கிறேன், பழைய நோட்டையும் எடுத்துக் கொடுத்துவிட்டேன்.