காது மெஷினை மாட்டிய ஐந்தாவது நிமிடமே கழற்றி வீசுகிறார். என்ன செய்வது?

தென்றல்:
அம்மாவுக்கு 81 வயது, டிமென்ஷியா. சென்னையில் முதியோர் இல்லத்தில் இருக்கிறார். இரண்டு பக்கமும் காதுக்குப் பின்னால் மாட்டுகிற மெஷின், 13ஆம் நம்பர் பேட்டரி. ‘மறதி முற்றிவிட்டது, இனி மெஷின் எதற்கு’ என்கிறார்கள். விட்டுவிடுவதற்கு முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

செவிச்சுடர்:
விட்டுவிடாதீர்கள். வலிக்கிறது, இரைகிறது என்று சொல்லத் தெரியாமல்தான் பல பேர் பிடுங்கிப் போடுகிறார்கள். முதலில் ஈஎன்டி டாக்டரிடம் குறும்பி இருக்கிறதா, மோல்டு (காதுக்குள் பொருந்தும் அச்சுத் துண்டு) உரசிப் புண்ணாகியிருக்கிறதா என்று காட்டுங்கள். காய்ச்சிய எண்ணெய் விடவே வேண்டாம்; செவிப்பறையில் ஓட்டை இருந்தால் ஆபத்து.

இடம் வலம் மாற்றி மாட்டுவதும் அடிக்கடி நடக்கும். சிவப்புக் குறி வலது, நீலம் இடது. மாறினால் மோல்டு சரியாக உட்காராது, அழுத்தும், விசிலடிக்கும்.

பேட்டரி தீர்ந்த மெஷின் காதில் பஞ்சு அடைத்த மாதிரி. கேட்கிற கொஞ்சமும் போய்விடும். தினமும் காலையில் ஆன் செய்து உள்ளங்கையில் பொத்திப் பார்க்கச் சொல்லுங்கள், விசில் வர வேண்டும். நாள் முழுக்கப் போட்டால் ஒரு பேட்டரி ஒன்றிரண்டு வாரம் வரும். ஸ்டிக்கரை உரித்ததும் ஒரு நிமிடமாவது காற்றுப்பட வைத்துவிட்டுப் போடுங்கள். காற்று புகுந்தால்தான் அது வேலை செய்யும்.

புது பேட்டரிக்கும் சத்தம் வரவில்லையா? மெஷினையும் மோல்டையும் இணைக்கிற டியூபைப் பாருங்கள். சென்னை ஈரக்காற்றில் உள்ளே நீர் கோத்துக்கொள்ளும், ஒரு துளியே சத்தத்தை அடைத்துவிடும். டியூபோடு மோல்டைக் கழற்றி, கையால் அமுக்கிக் காற்றடிக்கிற சின்ன ப்ளோயரால் ஊதுங்கள். டியூப் மஞ்சளாகி விறைத்திருந்தால் மாற்றுங்கள். எப்படியும் 3 முதல் 6 மாதத்துக்குள் மாற்ற வேண்டிவரும். இரவில் பேட்டரியை எடுத்துவிட்டு, மெஷினை சிலிகா ஜெல் டப்பாவில் வைக்கட்டும்.

மாலைநிழல்:
பேட்டரியும் மாத்திரையும் ஒரே மேஜையில் இருக்கக் கூடாது. மாத்திரை என்று நினைத்து விழுங்கிவிடுவார்கள். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே உடனே ஆஸ்பத்திரி. வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பூட்டு வைத்த பேட்டரிக் கதவு கிடைக்குமா என்று ஆடியாலஜிஸ்டிடம் (கேட்கும் திறனைச் சோதித்து மெஷின் பொருத்துகிற நிபுணர்) கேளுங்கள்.

தென்றல்:
நன்றி. சாப்பாட்டுக் கூடத்தில்தான் அதிகம் கழற்றுகிறார்.

செவிச்சுடர்:
அப்படியென்றால் சத்தம்தான் காரணமாக இருக்கும். எவர்சில்வர் தட்டு, ஃபேன், டிவி எல்லாம் சேர்ந்து காதில் இடிக்கும். மூலையில், சுவருக்கு முதுகு காட்டி உட்கார வையுங்கள். டிவியை அணைக்கச் சொல்லுங்கள். பழக்குவதைக் கூடத்தில் தொடங்க வேண்டாம். அறையில், காபி குடித்த பிறகு, அரை மணி நேரம் மட்டும் மாட்டிவிடுங்கள். இரண்டு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். தவறுதலாக அமுக்கிச் சத்தத்தைக் கூட்டிவிடாமல் வால்யூம் பட்டனையும் ஆடியாலஜிஸ்ட் முடக்கித் தருவார்.

மாலைநிழல்:
பேசும்போது மூன்று நான்கடி தூரத்தில், எதிரே, உங்கள் முகத்தில் வெளிச்சம் விழும்படி உட்காருங்கள். கத்த வேண்டாம், மெஷினில் குரல் சிதையும், முகமும் கோபமாகத் தெரியும். ‘அம்மா’ என்று கூப்பிட்டு, அவர் திரும்பிப் பார்த்த பிறகு ஒரே ஒரு விஷயம். எல்லாம் சரிசெய்தும் மெஷினை ஏற்காவிட்டால், ஹெட்ஃபோன் வைத்த கையடக்க ஆம்ப்ளிஃபயர் (பேச்சைச் சத்தமாக்கித் தரும் கருவி) வாங்குங்கள். நீங்கள் போகிற நேரத்துக்கு மட்டும் மாட்டினால் போதும். பெரிய பொருள், எளிதில் தொலையாது.