புதுப்பிப்பு: தொடக்கநிலை வேலைக்கு 3 வருட அனுபவம் கேட்ட விவகாரம்

தொடக்கநிலை வேலைக்கே 3 வருட அனுபவம் கேட்கிறார்கள், விண்ணப்பித்தால் பதிலே வருவதில்லை, என்ன செய்வது என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. வேலை கிடைத்துவிட்டது.

கைகொடுத்தது, ரெஸ்யூமேயை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பார்க்கச் சொன்ன யோசனைதான். பக்கத்தை இடம், வலம் என்று இரண்டு நெடுவரிசையாக (column) பிரித்திருந்த வடிவமைப்பில் தேதிகளும் பதவிப் பெயர்களும் ஒன்றோடொன்று கலந்து வந்தன. நிறுவனங்கள் விண்ணப்பங்களை வடிகட்டப் பயன்படுத்தும் மென்பொருளுக்கும் அப்படித்தான் தெரிந்திருக்கும் போல. ஒரே நெடுவரிசையாக மாற்றி, எனக்கு உண்மையிலேயே தெரிந்த திறன்களை விளம்பரத்தில் இருந்த அதே சொற்களில் எழுதினேன். அப்புறம்தான் அழைப்புகள் வரத் தொடங்கின.

எதிர்பாராத விஷயம்: நேர்காணலில் அந்த 3 வருடத்தைப் பற்றி யாரும் கேட்கவே இல்லை. படிக்கும்போது செய்த ப்ராஜெக்ட்டைத்தான் குடைந்து குடைந்து கேட்டார்கள். அந்த ஒரு வரியைப் பார்த்தே எத்தனை பேர் விண்ணப்பிக்காமல் விலகியிருப்பார்களோ, நினைத்தால் கோபம் வருகிறது. சம்பளம் மட்டும் விளம்பரத்தில் போட்டிருந்ததைவிடக் கொஞ்சம் குறைவு.