கர்ப்பப்பை லேசா இறங்கியிருக்காம், ஜிம்முக்கு போலாமா?

கேள்வி (ரெண்டுகுட்டிஅம்மா): எனக்கு 38 வயசு, ரெண்டும் நார்மல் டெலிவரி. கொஞ்ச நாளா சாயங்காலம் ஆனா அடிவயிறு கனத்து கீழ இழுக்குது, காலைல எந்திரிச்சா ஒண்ணுமே இருக்காது. டாக்டர் பார்த்துட்டு கர்ப்பப்பை இறக்கம், ஃபர்ஸ்ட் டிகிரிதான், வெயிட்டை குறை, எக்சர்சைஸ் பண்ணுன்னு ரெண்டு நிமிஷத்துல அனுப்பிட்டாங்க, என்ன எக்சர்சைஸ்னு கேக்க எனக்கும் வாய் வரல. ஜிம்ல மாஸ்டர் ஆம்பளை, அவர்ட்ட எப்படி இதை சொல்றது. நேத்து ஸ்கிப்பிங் போட்டேன், ராத்திரி பூரா இழுக்குது. விட்டுடவா?

பூவரசி: விட்டுடாதீங்க சிஸ்டர், ஸ்கிப்பிங்கை மட்டும் விடுங்க. எனக்கு செகண்ட் டிகிரி. நடக்குறேன், அப்புறம் கீகல், அதாவது கர்ப்பப்பையை கீழ இருந்து தாங்குற தசைக்கான எக்சர்சைஸ். யூரினையும் காத்தையும் சேர்த்து அடக்குற மாதிரி உள்ள இழுத்து அஞ்சு செகண்ட் பிடிச்சு அதே அளவு நேரம் தளர்த்தணும், போகப்போக பத்து செகண்ட். ஒரு தடவைக்கு பத்து, நாளைக்கு மூணு வேளை. நான் முதல்ல யூரின் போறப்பவே நிறுத்தி நிறுத்தி பண்ணேன், அது தப்பாம். இப்ப சீரியல்ல விளம்பரம் வர்றப்ப பண்ணுவேன், பக்கத்துல உக்காந்திருக்க மாமியாருக்கே தெரியாது 😄 மூணு மாசம் பிடிச்சுது வித்தியாசம் தெரிய.

பிசியோ_அக்கா: நான் பிசியோதான்மா. மூச்சை அடக்கி முக்குனா வயித்துல இருக்க பிரஷர் அப்படியே கீழ இறங்கும், அதான் விஷயமே. அதனால சிட்-அப்ஸ், குதிக்கிறது, பெரிய வெயிட்டோட ஸ்குவாட் இப்போதைக்கு வேணாம், படுத்துட்டு இடுப்பை தூக்குற பிரிட்ஜ் பண்ணலாம். ஜிம்மை மட்டும் பாக்காதீங்க, 20 லிட்டர் தண்ணி கேன் 20 கிலோ, ஃபுல் சிலிண்டர் இரும்போட 30 கிலோகிட்ட வரும், அதை யாரு தூக்குறா வீட்ல? தூக்கியே ஆகணும்னா, சின்ன பொருளா இருந்தாலும், கீகல் மாதிரி உள்ள இறுக்கி மூச்சை விட்டுக்கிட்டே தூக்குங்க. மலச்சிக்கல் இருந்தா அதை முதல்ல சரி பண்ணுங்க. கீகல் பண்றப்ப வலிச்சா நிறுத்திட்டு நேர்ல ஒரு பிசியோவ பாருங்க. சதை வெளிய தட்டுப்பட்டாலோ, யூரின் வராம அடைச்சாலோ, மாதவிலக்கு இல்லாதப்ப ப்ளீடிங் ஆனாலோ உடனே டாக்டர்ட்ட போயிடணும்.

ரெண்டுகுட்டிஅம்மா: அய்யோ அக்கா, கேன் தினமும் நாந்தான் கவுக்குறேன், அவருக்கு முதுகு வலியாம்!! மாஸ்டர்ட்ட என்ன சொல்ல?

பிசியோ_அக்கா: டாக்டர் குதிக்கவும் வெயிட் தூக்கவும் வேணாம்னுட்டாங்கன்னு சொல்லுங்க, போதும். கேனுக்கு ஒரு கை பம்பு வாங்கி மாட்டிடுங்க, தரையில வச்சே அமுக்கி பிடிச்சுக்கலாம்.